துப்பல் வேறு, சளி வேறு

1

பதினொரு கேள்விகள் கொண்ட படிவம் அது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள்: ஓம், இல்லை. ஏதாவது ஒன்றில் புள்ளடி போட்டால் போதும். நோர்வே மொழியை எழுத்துக் கூட்டி வாசிக்கிற என்னைப் போன்றவனுக்கு இப்படிப்பட்ட படிவங்கள் பிடிக்கும். ஆறு கேள்விகளுக்கு மளமளவென்று புள்ளடி போட்டுக்கொண்டு போனேன். ஏழாவதில் பேனை நின்றுவிட்டது.

"உங்களுக்கு எப்போதாவது காசநோய் இருந்திருக்கிறதா?"

நோர்வே மொழியில் எனக்குத் தெரிந்த சொற்கள் பெரும்பாலும் மீன், கத்தி, ஐஸ், பெட்டி, நாளைக்கு எத்தனை மணிக்கு என்பவைதான். ஆனால் அந்த நோயின் பெயரை மட்டும் இங்கே வந்து இறங்கிய கிழமையே பாடமாக்கி வைத்திருந்தேன். எங்கேயாவது அது எழுதியிருக்கக் கண்டால் விலகிப் போகலாம் என்பதற்காக.

நான் மன்னார்த் தீவுக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு கடலுக்குப் போனவன். இருபத்திரண்டு வருடமாக நோர்வேயின் வடக்கே ஒரு சின்னத் துறைமுக ஊரில், மீன் தொழிற்சாலையில் வேலை. கடலை விட்டு வந்தாலும் மீன் என்னை விடவில்லை. ஆனால் கடைசி இரண்டு குளிர்காலமும் விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. என் மனைவி றீற்றா இங்குள்ள முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். அங்கே சமையலறைக்கு ஓர் ஆள் தேவை என்று அறிந்து எனக்காக அவள்தான் பேசினாள். கிழங்கு அவிக்க வேண்டும், சூப் கலக்க வேண்டும், கோப்பை கழுவ வேண்டும். எல்லாம் சுடுதண்ணீர் வேலை. "கை வெந்தாலும் வேகட்டும், விறைக்காது" என்றாள்.

மாத முடிவு வரைக்கும் இடத்தை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. போன வருடம் அம்மாவின் கடைசிக் காலத்தில் நான் மன்னாரில் நாலு மாதம் நின்றேன். எங்கள் பக்கத்து நாடுகளில் அப்படி நீண்ட நாள் நின்றவர்கள், வயதானவர்களுக்குக் கிட்ட வேலை செய்வதற்கு முன் காசநோய்க்குப் பரிசோதித்துக் கடிதம் கொண்டுவர வேண்டுமாம். நியாயமான சட்டம். தொண்ணூறு வயது மனிசிக்கு நான் சூப்போடு நோயையும் கொடுக்கக்கூடாது அல்லவா.

2

படிவத்தோடு நான் இருந்தது சுகாதார நிலையத்தின் வெளி விறாந்தையில். பக்கத்துக் கதிரையில் என் மகள் அனிற்றா. இருபத்தொரு வயது. தெற்கே ஒரு நகரத்தில் படிக்கிறாள். வீட்டுக்கு வருவது பெருநாளைக்கு மட்டும். தொலைபேசியில் தாயோடு பத்து நிமிடம் கதைப்பாள். என்னோடு "சாப்பிட்டீங்களோ", "ஓம்", "சரி." எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. நான் தமிழிலேயே அதிகம் பேசாதவன், அவள் தமிழில் பேச யோசிப்பவள். இடையில் பேச்சு தானாகவே வற்றிவிட்டது.

சுகாதார நிலையம் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தரும், இலவசமாக. நான் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் இருந்தது. அகதியாக வந்த முதல் கிழமை இதே கேள்வியை ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் கேட்டார்கள். நல்ல மனிதர். "அண்ணை, சயரோகம் கியரோகம் ஒண்டும் இல்லைத்தானே?" என்றார். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. "இல்லை" என்றேன். இன்னொரு தமிழனுக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு ஓம் போட என்னால் முடியவில்லை. அன்று எடுத்த நெஞ்சுப் படத்தில் பழைய தழும்பு ஒன்று என்று எழுதிவிட்டு என்னை விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்த வருத்தம், அந்த நோய், இருந்தது. அதை அறிந்தவள் றீற்றா மட்டும். கலியாணத்துக்கு முதலே சொல்லிவிட்டேன். "சுகம் எண்டு எழுதித் தந்தவையோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "பிறகென்ன" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. மகளுக்குச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, அந்தப் பேனை நிற்கும் வரைக்கும்.

"என்ன அப்பா, விளங்கேல்லையோ?"

"விளங்குது."

"அப்ப இல்லை எண்டு போடுங்கோவன். எங்களுக்குப் பின்னுக்கு மூண்டு பேர் நிக்கினம்."

இல்லை என்று போடுவது சுலபம். முன்பு போட்டதோடும் ஒத்துப்போகும். மாற்றிப் போட்டால் பொய் சொல்லி நாட்டுக்குள் வந்தவன் என்று குடியுரிமையைத் தொடுவார்களோ என்ற பயமும் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க, ஆறு மாதம் எனக்காகச் சைக்கிள் மிதித்த ஒரு மனிதனுக்கு நேரே நின்று "நீ வரவேயில்லை" என்று சொல்வது போல இருந்தது. ஓம் பெட்டிக்குள் புள்ளடி போட்டேன்.

அனிற்றா பார்த்தாள். படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் பிடித்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தாள்.

தாதியின் பெயர் இங்ரிட். இந்த நாட்டில் டொக்டரையும் தாதியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. ஊரில் 'மிஸி' என்று கூப்பிட்டுப் பழகிய வாய். ஆகவே அவர்களுடைய மொழியில் 'சகோதரி' என்று சொன்னேன். மேசைக்குக் கீழே அனிற்றா என் காலை மிதித்தாள்.

"அது பழைய காலத்துச் சொல், அப்பா. இப்ப ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை."

"கோவிச்சுப்போட்டாவோ?"

"இல்லை. தன்ர அம்மாவும் தாதியாம். அவவைத்தான் அப்பிடிக் கூப்பிட்டவையாம். கேக்கச் சந்தோசமாம்."

இங்ரிட் கணினியையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்வி அனிற்றாவின் மொழிபெயர்ப்பில் வந்தது.

"முந்தி இல்லை எண்டு சொல்லியிருக்கிறீங்களாம். இப்ப ஓம் எண்டு போட்டிருக்கிறீங்களாம். எது சரியாம்?"

"இப்ப போட்டது."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்களாம்?"

"வெக்கம்."

அனிற்றா தடுமாறினாள். இந்த மொழியில் கூச்சத்துக்கு ஒரு சொல், அவமானத்துக்கு வேறொரு சொல். எது என்று என்னிடம் கேட்டாள். "ரெண்டும்" என்றேன். இரண்டையும் சொன்னாள்.

இங்ரிட் தலையை ஆட்டிவிட்டுத் தட்டச்சு செய்தார். கனபேர் அப்படித்தான் சொல்கிறார்களாம். பழைய பதிலை அழிக்கமாட்டாராம். அதன் கீழே புதியதை எழுதி வைக்கிறாராம். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் நான் சுமந்த பொய்யை அந்த மனிசி இரண்டு வரியில் இறக்கி வைத்தார். பிறகு இரத்தம் எடுத்து, நெஞ்சுப் படத்துக்கு அனுப்பினார்.

அடுத்த நாள் திரும்பிப் போக இருந்த அனிற்றா, வகுப்பை இணையத்தில் பார்க்கலாம் என்று சொல்லி நின்றுவிட்டாள்.

3

ஒரு கிழமையில் மறுபடி கூப்பிட்டார்கள். இரத்தம் 'பொசிற்றிவ்.' வலது நுரையீரலின் மேற்பக்கம் தழும்பு. இங்ரிட் ஒரு கடதாசியில் நுரையீரலைக் கீறி விளங்கப்படுத்தினார். ஒரு முறை அந்தக் கிருமியைக் கண்ட இரத்தம் அதை மறக்காதாம். அதற்காக இப்போது நோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லையாம். அவருக்கு இரண்டு விசயம் வேண்டும். ஒன்று, மன்னாரில் என்ன மருந்து, எத்தனை மாதம், எப்படி முடிந்தது என்று காட்டும் பதிவு. மற்றது, மூன்று நாள் காலைச் சளி. பதிவில் சுகம் என்று இருந்து, சளியும் நுண்ணோக்கியில் சுத்தமாக இருந்தால், டொக்டர் கடிதம் தருவார். பதிவு இல்லாவிட்டால் சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை முடியும்வரை பொறுக்க வேண்டும். அதற்கு ஆறு, எட்டுக் கிழமை ஆகும். மாத முடிவுக்கு இருந்தது பதினெட்டு நாள்.

சொல்லிவிட்டு மூன்று சின்னக் குப்பிகளை என் முன்னால் வைத்தார்.

"காலமை எழும்பின உடன இதுக்குள்ள துப்பவேணுமாம், அப்பா. துப்பல் வேணுமாம்."

"துப்பல் இல்லை, பிள்ளை. சளி."

"அவ சொன்ன சொல்லுக்குத் துப்புறது எண்டுதானே அர்த்தம்?"

"துப்பல் வாயில இருந்து வாறது. சளி நெஞ்சுக்குள்ள இருந்து வாறது. துப்பலைக் குடுத்தால் திருப்பி அனுப்புவினம்."

அவள் அதை இங்ரிட்டுக்குச் சொன்னாள். இங்ரிட் மேசையில் தட்டினார். பாதிப் பேர் துப்பலைத்தான் கொண்டுவருகிறார்களாம். இதை நான் எங்கே படித்தேன் என்று கேட்கிறாராம்.

"மன்னார்" என்றேன். அன்றைக்கு மகளின் உதவியில்லாமல் நான் சொன்ன ஒரே சொல் அது.

காருக்குள் ஏறியதும் அனிற்றா காரைக் கிளப்பத் திறப்பைப் போடாமல் இருந்தாள். "சொல்லுங்கோ" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

4

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சண்டைக் காலம். மூன்று மாதமாக இருமல். மற்றவர்களுக்கு இருமல் எப்போது வருமோ தெரியாது, எனக்குப் பூசையில்தான் வரும். குரு அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது கோயில் முழுவதும் மூச்சுச் சத்தம் இல்லாமல் முழந்தாளில் நிற்கும். அந்த நேரம் பார்த்து நெஞ்சு கிளம்பும். கைலேஞ்சியை வாய்க்குள் திணித்து அடக்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேஞ்சியில் சிவப்பு இருந்தது. அடுத்த நாள் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நெஞ்சுக் கிளினிக்கில் ஒரு குப்பியைத் தந்து, கட்டடத்துக்குப் பின்னால் போய்க் காறி எடுத்துவரச் சொன்னார்கள். பின்னால் போனேன். அங்கே வேறொரு கிளினிக்குக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் எப்படிக் காறுவது? வாய்க்குள் ஊறியதைச் சத்தமில்லாமல் சேர்த்துக் குப்பியில் விட்டு மூடிக் கொடுத்தேன். அடுத்த நாள் அது திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன். அதுவும் வந்தது. அங்கிருந்த மிஸி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, இதுவும் துப்பல். எங்களுக்குச் சளி வேணும். பொம்பிளை பாக்க வந்த மாதிரி நிண்டால் வருத்தம் போகுமோ?"

வாங்கு முழுவதும் சிரித்தது. இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று பஸ் ஏறினேன். அன்றைக்கு அப்படியே விட்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் ஒருவர் சைக்கிளில் எங்கள் கரைக்கு வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தார். கால்சட்டை, சப்பாத்து. கடற்கரை மணலில் சப்பாத்தோடு நடக்கத் தெரியாமல் நொண்டி நொண்டி வந்தார். பெயர் கணேசலிங்கம். நறுவிலிக்குளத்து வயல்காரக் குடும்பம். கிளினிக்கில் வேலை கிடைத்து நகரத்தில் அறை எடுத்திருந்தார். என்னை விட இரண்டு, மூன்று வயது கூட. நாலு பேருக்கு முன்னால் வருத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வலை விசயமாக் கொஞ்சம் கதைக்கவேணும்" என்று சொல்லி, மீன்பிடி வாடிக் குடிசைகளுக்கு அப்பால், ஆளில்லாத இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்ததும் பையிலிருந்து குப்பியை எடுத்தார்.

"ஐசே, எனக்குக் கடலெண்டால் பயம். நான் பனைப் பக்கம் திரும்பி நிக்கிறன். நீர் கடலைப் பாத்துக்கொண்டு இருமும். இந்தச் சத்தத்தில எனக்கே கேக்காது."

சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் இரைந்தது. பூசையில் விழுங்கிய இருமல், வள்ளத்தில் விழுங்கிய இருமல், எல்லாம் ஒன்றாக வந்தது. நெஞ்சு கிழிந்தது போலவும் இருந்தது, லேசானது போலவும் இருந்தது. குப்பியை மூடிக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருமுறீர். இதை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீர்?"

அந்த நேரம் ஒரு அலை வந்து அவருடைய சப்பாத்தை நனைத்தது. மனிதர் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளினார். வருத்தம் வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

வருத்தம் உறுதியானது. ஆறு மாதம் மருந்துக் குளிசை. ஒவ்வொரு நாளும் காலையில் நான் கரைக்கு வரும் நேரம் பார்த்து அவர் எங்கள் வாடிக்கு வருவார். நான் விழுங்குவதைப் பார்ப்பார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு என் மருந்து அட்டையில் அடையாளம் இடுவார். வழியில் காவலரணில் ஆமிக்காரன் பையைத் திறந்து, குப்பியைத் தூக்கி, இது என்ன என்று சிங்களத்தில் "மே மொகத்த?" என்று கேட்பானாம். "திறந்து பாருங்கோ மாத்தயா" என்று இவர் நீட்டுவாராம். அதோடு போ போ என்று கையைக் காட்டுவானாம். "அவனுக்கும் வெக்கம்தான்" என்பார்.

குளிசை தொடங்கிய மறுநாள் வள்ளத்து விளிம்பில் நின்று சலம் கழித்தேன். செம்மஞ்சளாகப் போனது. இரத்தம் என்று நினைத்து வள்ளத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன். அவரிடம் சொல்ல மூன்று நாள் எடுத்தது. "மருந்துச் சாயம், ஐசே. அப்பிடிப் போகாட்டித்தான் நான் பயப்பிடவேணும். குளிசையைக் கடலுக்குள்ள எறிஞ்சுபோட்டீர் எண்டு அர்த்தம்" என்றார்.

ஒவ்வொரு நாளும் சப்பாத்தோடு வருகிற இவர் யார் என்று ஊர் யோசித்தது. கலியாணப் புரோக்கர் என்று முடிவு செய்தது. அவர் மறுக்கவில்லை. ஒரு மாமி வழியில் மறித்து, "தம்பி, என்ர மேளுக்கும் பூசைக்குப் போற வேதக்காரப் பொடியன் ஒண்டு பாருமன்" என்று கேட்டார். "பாத்துச் சொல்லுறன் அம்மா" என்று சொல்லி, குறிப்புப் புத்தகத்தை எடுத்து வயதையும் எழுதிக்கொண்டார். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார்.

ஆறாம் மாதக் கடைசிச் சளியும் சுத்தமாக வந்த அன்று, அட்டையில் 'சுகம்' என்று எழுதி, வாசித்தும் காட்டினார். அதன் பிறகு வரவில்லை. வர வேண்டிய தேவை இல்லை. அந்த அட்டையை ஞானஸ்நானப் பத்திரத்தோடு ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பிறகு சண்டைக்குப் பயந்து ஊர் விட்டு ஓடிய ஓட்டங்களில் பெட்டியும் போய்விட்டது.

இதைச் சொல்லி முடித்தபோது கார்க் கண்ணாடி ஆவி படிந்து மங்கியிருந்தது. அனிற்றா கையால் துடைத்தாள். "அப்ப, அந்தப் புத்தகம் அங்க இருக்கும்" என்றாள்.

5

றீற்றாவின் தம்பி பெனடிற் மன்னாரில் இருக்கிறான். அடுத்த நாளே கிளினிக்குக்குப் போய், அங்கே பதிவேடு பார்க்கிற பெண்பிள்ளையின் கையில் தன்னுடைய போனைக் கொடுத்தான். இங்கே எங்கள் மேசையில் அனிற்றாவின் போன், சத்தமாகக் கேட்கும்படி. சுற்றி நாங்கள் மூன்று பேர்.

"ஐயா, பழைய புத்தகம் இருக்கு. ஒரு ஓரத்தைக் கறையான் திண்டுபோட்டுது, எழுத்துக்கு வரேல்லை. பேரைச் சொல்லுங்கோ."

"சூசை. தகப்பன் சவிரிமுத்து."

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம்.

"முழுப்பேர் இல்லை ஐயா, முதலெழுத்து மட்டும்தான். அந்த வருசம் ச. சூசை எண்டு ரெண்டு பேர் இருக்கினம். ரெண்டு பேரும் உங்கட ஊர். வயசும் ஒரு வயசுதான் வித்தியாசம்."

எங்கள் கரையில் நின்று சூசை என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒருத்தர் சுகம் எண்டு முடிஞ்சிருக்கு. மற்றவர் ரெண்டாம் மாசத்தோட குளிசையை விட்டிட்டார். நீங்கள் எந்தச் சூசை?"

"சுகமான சூசை."

"ரெண்டு பேரும் அப்பிடித்தானே ஐயா சொல்லுவீங்கள்."

பின்னால் பெனடிற் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"கோவிக்காதேங்கோ. எனக்கு ஊர் கொண்டச்சி. உங்கட பக்கத்து ஆக்களை எனக்குத் தெரியாது. கடிதத்துக்கு விபரம் எழுதிக் குடுக்கிறதெண்டால் நிச்சயமாத் தெரியவேணும். மாறிக் குடுத்தால் உங்களுக்கும் கூடாது, அங்க இருக்கிற வயசானவைக்கும் கூடாது. அட்டை இருக்கோ?"

"துலைஞ்சுபோச்சு."

"வேற ஏதும் அடையாளம்?"

ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பின்னால் வாங்கில் ஆட்கள் இருப்பது கேட்டது. பெனடிற் கேட்டால் நாளைக்குக் கரை முழுவதும் அறியும். றீற்றா என் முழங்கையில் இடித்தாள்.

"எனக்கு முதல் ரெண்டு தரமும் துப்பல் எண்டு திருப்பி அனுப்பினவை" என்றேன்.

"என்ன ஐயா? விளங்கேல்லை. பலமாச் சொல்லுங்கோ."

"துப்பல், பிள்ளை. சளிக்குப் பதிலாத் துப்பலைக் குடுத்தனான். ரெண்டு தரம். மூண்டாம் தரம் கடற்கரையில வைச்சு எடுத்தது."

என் வாழ்க்கையில் அவ்வளவு பலமாக நான் பேசியதில்லை. அந்தப் பக்கத்து வாங்கு அமைதியாகிவிட்டது. தாள் புரண்டது. பிறகு அந்தப் பிள்ளை விரல் வைத்து வாசிப்பது போல மெதுவாக வாசித்தாள்.

"இருக்கு ஐயா. மற்றதெல்லாம் இங்கிலீசில கிடக்கு, இது மட்டும் தமிழில எழுதியிருக்கு. 'துப்பல். துப்பல். மூன்றாம் முறை கடற்கரையில் வைத்து எடுத்தது. நல்ல சளி.'" இப்போது அவளும் சிரித்துவிட்டாள். "நல்ல சளியாம் ஐயா."

"அத்தான்" என்று பெனடிற் கத்தினான், "எங்கட ஊரில ஒருத்தரும் எடுக்காத சேட்டிபிக்கற்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அனிற்றா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அல்ல, என்னோடு.

அந்தப் பிள்ளை பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். மற்றச் சூசையின் வரிக்கு மேல் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து மறைத்துவிட்டு எடுத்திருந்தாள். அவர் யார் என்று எனக்குத் தெரியும். அவள் மூடியதை நான் இங்கே திறக்கமாட்டேன். இரண்டு நாளில் மருந்து, மாதம், முடிவு எல்லாம் எழுதி, டொக்டரின் கையெழுத்தோடு கடிதமும் வந்தது. சண்டைக்கும் கறையானுக்கும் தப்பி ஒரு புத்தகம், அதைப் பிழையில்லாமல் வாசிக்க ஒரு பிள்ளை. வெளிநாட்டு அரசாங்கக் கந்தோர்களைப் புகழ்ந்து இங்கிருந்து பலர் எழுதுகிறார்கள். நானும் இங்ரிட்டைப் புகழ்கிறேன். ஆனால் அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்தது மன்னார்.

6

கணேசலிங்கம் ஓய்வு எடுத்து நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிறாராம். பெனடிற் இலக்கம் தேடித் தந்தான். இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு எடுத்து, பெயரைச் சொன்னேன்.

"ஆர் சூசை?"

"துப்பல் குடுத்த சூசை. நீங்கள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்."

"ஐசே, நான் கனபேரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். வெக்கமில்லாத மனிசர் ஆர்? வயல்காரரை வயலுக்குள்ள கூட்டிக்கொண்டு போவன், தண்ணி இறைக்கிற மிசின் போடுற நேரம் பாத்து." அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. "குளிசை முழுக்கப் போட்டு முடிச்சனீரோ?"

"முடிச்சனான். சுகம் எண்டு நீங்கள்தான் எழுதினனீங்கள்."

"அப்ப சரி. நெல்லு வெட்டுற மிசின் வந்து நிக்குது, வைக்கட்டே?"

வைத்துவிட்டார். இவ்வளவு வருடமும் அந்தக் கடற்கரை எனக்காக மட்டும் அவர் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் நொந்துதான் போனேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒருவனுக்குச் செய்திருந்தால் அது இரக்கம். வெட்கப்பட்ட எல்லோருக்கும் ஓர் இடம் தேடி, ஒரு சத்தமும் தேடி வைத்திருந்தால், அவர் வேலை தெரிந்த மனிதர்.

7

சளி மூன்றும் சுத்தம். மாத முடிவுக்கு நாலு நாள் இருக்கக் கடிதம் கைக்கு வந்தது. இப்போது கிழங்கு அவிக்கிறேன். விரல்கள் மடங்குகின்றன.

ஆனால் அந்த மூன்று காலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சுவர் மெல்லியது. ஒரு பக்கம் மகளின் அறை, மற்றப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர். எவ்வளவு முயன்றும் நெஞ்சு திறக்கவில்லை. வெளியே வந்து குப்பியைக் கொடுத்தேன். அனிற்றா அதை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது துப்பல்."

நான் திரும்பிப் போய்க் குழாயை மூடினேன்.

"சப்பாத்தைப் போடுங்கோ" என்றாள்.

துறைமுகத்துக்கு வெளியே கல் அணை ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் யாரும் போவதில்லை. காற்று முகத்தில் உப்பையும் பனியையும் சேர்த்து அடித்தது. அலை கல்லில் மோதி இரைந்தது. அனிற்றா காரின் பக்கம் திரும்பி நின்று, தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டாள். நான் கடலைப் பார்த்து இருமினேன்.

மூன்று நாளும் அங்கேதான் போனோம். மூன்றாம் நாள் குப்பியை வாங்கி, காரின் முன்பக்கத்தில் வைத்து, வழக்கம் போல ஒட்டுத் துண்டில் என் பெயர், பிறந்த நாள், எடுத்த நேரம் எல்லாம் எழுதினாள். கீழே குறிப்புக்கு ஒரு கோடு இருந்தது. முதல் இரண்டு நாளும் அதை வெறுமையாக விட்டிருந்தாள். அன்றைக்குக் குனிந்து எதையோ எழுதினாள்.

"என்ன எழுதுறாய்?"

"வாசியுங்கோவன்."

காற்றில் கண்ணீர் வழிய, நோர்வே எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். நேரம் எடுத்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

'கடற்கரையில் வைத்து எடுத்தது. நல்ல சளி.'